பெட்டியில் கிட்னி இல்லை

என்னை அடித்தவர்களில் பெட்டியைத் திறந்தவனுக்குத்தான் ஏமாற்றம் அதிகம். உள்ளே கிட்னி இருக்கும் என்று நினைத்திருந்தான். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவி ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். மூடியைத் திருகினான், மூக்கருகே கொண்டுபோனான். அப்போது அவன் முகம் போன போக்கு இருக்கிறதே, வாயெல்லாம் ரத்தமாகத் தரையில் கிடந்த நான் அதை இன்றைக்கும் ஆசையாக நினைத்துக்கொள்வேன். "பீல்லா இருக்குலே" என்றான். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு வினையாக முடிந்தது. அதுவரை சந்தேகத்தில் அடித்தவர்கள், அதன் பிறகு மானம் போன கோபத்தில் அடித்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, வாங்கியவனுக்குத் தெரியும்.

பீ எடுப்பதுதான் என் வேலை. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில், குழந்தைகளுக்கு வரும் ஈரல், குடல் நோய்களை ஆராய்கிற சிறு பிரிவு ஒன்று இருக்கிறது. நான் அதில் டாக்டர் இல்லை, வெளிவேலைக்காரன். தாமிரபரணிக் கரை ஊர்களில் வீடு வீடாகப் போய், பிறந்து சில வாரங்களே ஆன பிள்ளைகளின் மலம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். கொஞ்சம் டப்பாவில் எடுத்து, தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்துக் கொண்டுவருவேன். என் மைத்துனன் என்னை 'பீ டப்பா' என்றுதான் கூப்பிடுவான், அதுவும் பந்தியில் இலை போட்ட பிறகு.

நிறம் எதற்கென்றால், சில பிள்ளைகளுக்கு ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் இறங்குகிற குழாய் பிறக்கும்போதே அடைந்துபோயிருக்கும். மலத்துக்கு மஞ்சள் நிறம் தருவது பித்தம். அது இறங்காவிட்டால் மலம் வெளுத்துவிடும். பிள்ளை பால் குடிக்கும், கை காலை உதைக்கும், சிரிக்கக்கூடச் செய்யும். உள்ளே தேங்கிய பித்தம் ஈரலை அரித்துக் கல்லாக்கிக்கொண்டிருக்கும். பிறந்த இரண்டு மாதத்துக்குள் வயிற்றைத் திறந்து வழி பண்ணினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பிந்தினால் அந்த வாய்ப்பும் குறைந்துகொண்டே போகும்.

எங்கள் பிரிவின் தலைவி ஒரு அறுவை மருத்துவர். ஆற்றங்கரை அக்ரகாரத்தில் வளர்ந்தவர். கோபம் வந்தால் மட்டும் சந்தைக்கடை வாய். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு பிந்தி வருகிறார்கள் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. பதில் எனக்குச் சீக்கிரமே கிடைத்துவிட்டது, பல வாசல்களில் விரட்டு வாங்கித்தான். பச்சைப்பிள்ளையின் துணி வெளியாள் கண்ணில் படக் கூடாது. பிள்ளை மேல் பட்டது எதுவும், துணியோ முடியோ, வாசல் தாண்டினால் செய்வினைக்குப் போய்விடும் என்று பயம். துணியை உடனே அலசிப் புறவாசலில் போட்டுவிடுவார்கள். அப்புறம் நிறத்தை யார் பார்ப்பது? பெற்றவள் பார்த்தாலும், பால் குடிக்கிற பிள்ளை பால் நிறத்தில் போவது அவளுக்கு நியாயமாகத்தான் படும். உடம்பு மஞ்சளானால், தங்க நிறத்தில் பிறந்திருக்கிறான் என்று சொல்லித் திருஷ்டி கழிப்பார்கள். இப்படிப்பட்ட வாசல்களில் நின்றுகொண்டு, பிள்ளையின் பீத்துணியைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்கிற ஆள் நான்.

அந்தச் சமயம் பார்த்து, பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. கையில் ஐஸ் பெட்டி வைத்திருப்பார்கள், பிள்ளைகளின் கிட்னியை எடுத்து அதில் போட்டுக்கொண்டு போவார்கள் என்று ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னாள். நானும் கேட்டேன். கேட்டுவிட்டு, என் மகளைத் தெருவில் விளையாட விடாதே என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். புத்திசாலித்தனத்தில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை.

அன்றைக்குப் போனது ஆற்றை ஒட்டிய ஒரு ஊர். பெயர் சொல்ல மாட்டேன், அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள். அந்த வீட்டில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் ஒருத்தி, இரண்டு மாதம் நெருங்கிய பிள்ளையோடு தனியாக இருந்தாள். அவள் அம்மா பீடி இலை வாங்கப் போயிருந்தாள். துணியைக் காட்ட மாட்டாள் என்று நினைத்தேன், காட்டினாள். அரைத்த உளுந்து மாவை அப்பி வைத்ததுபோல் இருந்தது. மல நிறங்களை வரிசையாக அச்சடித்து நாங்கள் கொண்டுபோகிற அட்டையில் மட்டுமே நான் பார்த்திருந்த நிறம். "பாலு மட்டும் குடிக்கான்லா சார், வேற எப்படிப் போவான்?" என்றாள். பிள்ளையின் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள்.

டப்பாவில் எடுத்துக்கொண்டேன். நிற அட்டையை அவள் கையில் திணித்து, மேல் வரிசை நல்ல நிறம், கீழ் வரிசை ஆபத்து, உன் பிள்ளை கீழே இருக்கிறான் என்று படபடவென்று சொன்னேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போதே என்னோடு வா, வண்டி நான் ஏற்பாடு பண்ணுகிறேன் என்றும் சொன்னேன். அந்தக் காலத்தில் ஒரு வெளியாள் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவள் பிள்ளையை அள்ளிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டது. நான் வாசலுக்கு வருவதற்கும், அவள் புருஷன் மினி லாரியை நிறுத்துவதற்கும் சரியாக இருந்தது. புன்னக்காயலிலிருந்து மீன் ஏற்றி வருகிற வண்டி அது.

"எம்பிள்ளையவாலே தூக்கப் பாக்கே?" என்றான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குத்து அங்கேயே விழுந்தது. முன்பல் ஒன்று நாக்கில் உருண்டது. அதன் பிறகு வரிசையாக வந்தார்கள். வேலிக் கம்போடு ஒருவர் வந்தார், செருப்போடு ஒருவர். எதற்கென்றே தெரியாமல் பைக்கை நிறுத்திவிட்டு வந்து இரண்டு மிதி மிதித்துவிட்டுப் போனவனும் உண்டு. பெட்டியைத் திறந்ததும் சிரித்ததும் அப்போதுதான் நடந்தது. பிறகு பிள்ளையின் தகப்பன், மீன் பெட்டி இழுக்கிற இரும்புக் கொக்கியை எடுத்து வந்து, அதன் பிடியால் என் வலது மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. முனையால் அடிக்காததற்கு நீர் சந்தோஷப்பட வேண்டும் என்று பின்னால் ஒரு போலீஸ்காரர் சொன்னார்.

நான் கத்தியதெல்லாம் ஒன்றுதான்: பிள்ளைக்கு வெள்ளையாகப் போகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். யோக்கியன் என்பதால் கத்தவில்லை. வாயில் வேறு வார்த்தை வரவில்லை. பிள்ளைக்குச் சாபம் போடுகிறான் என்று அதற்கும் மிதித்தார்கள். என்னைத் தெரிந்த கிராமச் செவிலி பஸ்ஸிலிருந்து இறங்கியவள், கூட்டத்தைப் பிளந்து வந்து என் மேலேயே குப்புற விழுந்தாள். அவளுக்கும் ஒரு மிதி கிடைத்தது. அவள் கொடுத்த வசவில்தான் ஊர் பின்வாங்கியது.

கையில் மாவுக்கட்டு, உதட்டில் தையல், விலாவில் இரண்டு எலும்பு விரிசல், வீங்கிய ஒரு கண். படுத்தபடியே புகார் கொடுத்தேன். எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது: அத்தனை பேரும் உள்ளே போக வேண்டும், அந்தக் கொக்கிக்காரன் கடைசியாக வெளியே வர வேண்டும். நடக்க முடிந்ததும் அடையாளம் காட்ட ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரைப் பிடித்து வைத்திருந்தார்கள். நான் பார்க்கிறேன் என்பதற்காகவே இன்ஸ்பெக்டர் அவர்களைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, லத்தியால் கெண்டைக்காலில் போட்டார். இவனா, இவனா என்று ஒவ்வொரு அடிக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒருவன் காற்சட்டையிலேயே மூத்திரம் பெய்துவிட்டான். சந்தோஷமாக இருந்தது. இன்னும் நாலு போடுங்கள் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது, தையல் வலித்ததால் சொல்லவில்லை.

கொக்கிக்காரன் மட்டும் கிடைக்கவில்லை. பெண்டாட்டியையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே மறைந்துவிட்டான் என்றார்கள்.

எங்கள் டாக்டரம்மா என் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வரவில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை எங்கே என்றார். போலீஸ் தேடுகிறது என்றேன். போலீஸ் தேடுகிறவரை அவன் வெளியே வர மாட்டான், அவன் வராமல் பிள்ளை வராது, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. என்னை நாயை அடிப்பதுபோல் அடித்திருக்கிறான், அவன் பிள்ளை அவன் பாடு என்றேன். என் மனைவி நடுவில் வந்து, அவர் பல்லுக்கு யார் பதில் சொல்லுவது என்று டாக்டரம்மாவையே கேட்டுவிட்டாள். அவர் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, வாசலில் நின்று ஒன்று சொன்னார். "உங்க கை தானா ஒட்டிரும். அந்தப் பிள்ளையோட ஈரலு ஒட்டாது."

அவர் போன பிறகு ஒரு மணி நேரம் அவரைத் திட்டினேன். அப்படித் திட்டினால்தான் அந்தத் துணியின் நிறம் கண்ணில் வராமல் இருந்தது.

அந்த வாரத்திலேயே தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பெண்தான். நிற அட்டையின் பின்பக்கம் என் எண் உண்டு. நான் அடிவாங்கிக்கொண்டிருந்தபோது அவள் அந்த அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாளாம். மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. "தெனமும் துணிய அட்டையில வச்சுப் பாக்கேன் சார். கீழ் வரிசையிலதான் இருக்கான், ஒரு நாளுகூட மேல ஏறல. இப்படியே போனா என்ன ஆவும்? மறைக்காமச் சொல்லுங்க."

மறைக்காமல் சொன்னேன். பிறகு, கேசு இருப்பதால் புருஷன் வர மாட்டேன் என்கிறான், அவளை மட்டும் அனுப்பவும் பயப்படுகிறான், ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறான் என்று சொன்னாள். எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் யோசித்தாள். புருஷனைக் காட்டிக்கொடுத்தால் பிள்ளை பிழைக்கலாம், நான் போலீசோடு வந்தால் இரண்டும் போகும். கடைசியில் சொல்லிவிட்டாள். புன்னக்காயலில், அவன் மீன் எடுக்கிற படகுக்காரர் வீட்டில்.

இன்ஸ்பெக்டரிடம் போய், கொக்கியால் அடித்தவன் பிள்ளையின் தகப்பன் இல்லை, நான் மயக்கத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் என் மாவுக்கட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒமக்கு அடி பத்தலையா வே?" என்றார். மற்றவர்கள் மேல் கேசு அப்படியே இருக்கட்டும், இவனை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். கையை முறித்தவன் தப்பினான், செருப்பால் தட்டியவர்கள் மாட்டினார்கள். இது அநியாயம் என்று அந்த ஊர் இன்றுவரை சொல்கிறது, உண்மைதான். அத்தனை பேரையும் மன்னிக்கிற அளவுக்கு என்னிடம் மனசு இல்லை. ஒருவனுக்குத்தான் இருந்தது, அதுவும் மன்னிப்பு இல்லை. அவனிடம் இருந்த பிள்ளை எனக்கு வேண்டும்.

ஆஸ்பத்திரி வண்டியில் புன்னக்காயல் போனேன். தாமிரபரணி கடலில் போய் விழுகிற இடம். படகுக்காரர் வீட்டு முற்றத்தில் அவன் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் எழுந்தான், கையில் மீன் வெட்டுகிற கத்தி. "போலீசு எங்கன நிக்கி?" என்றான். இல்லை என்றேன். நம்பாமல் தெருவை நோட்டம் விட்டான், கத்தியை என் பக்கம் நீட்டியபடியே. அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து வந்தாள். கத்தியை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அவனுக்கும் எனக்கும் நடுவே நடந்து வந்து, பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை விலக்கிக் காட்டினாள்.

வயிறு உப்பி, நரம்பு தெரிந்தது. தொப்புளுக்கு மேலே கறுத்த தழும்புகள் இருந்தன, ஒன்றில் இன்னும் நீர் கோத்திருந்தது. காமாலைக்குச் சூடு. மஞ்சள் கொம்பைத் தீயில் வாட்டி வைத்திருக்கிறார்கள். யார் வைத்தது என்று கேட்டேன். "நாந்தான் காலப் பிடிச்சிக்கிட்டேன். அவுகதான் வச்சாக" என்று புருஷனைக் கைகாட்டினாள். அவள் குரலில் அழுகை இல்லை. அது முன்பே தீர்ந்திருந்தது.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. இடது கையால் அவன் கன்னத்தில் அறைந்தேன். கத்தி அவன் கையில் இருக்கும்போதே அறைந்தேன். விலா எலும்பு உயிர் போகிற மாதிரி வலித்தது, இன்னொன்றும் கொடுத்தேன். அவன் அசையவில்லை. கத்தியை வலை மேல் போட்டான். பெண்டாட்டியைப் பார்த்து, கிளம்பு என்றான். வண்டியில் அவன் முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால். வழியெல்லாம் பிள்ளை கத்திக்கொண்டே வந்தது.

டாக்டரம்மா அவர்களிடம் எதையும் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. வயிற்றைக் குறுக்கே கிழிக்க வேண்டும். கெட்டுப்போன குழாயை வெட்டி எறிந்துவிட்டு, குடலில் ஒரு துண்டை ஈரலோடு சேர்த்துத் தைக்க வேண்டும். நன்றாகவே பிந்திவிட்டது. தைத்த வழியாகப் பித்தம் இறங்கினால் மலம் மஞ்சளாகும், இறங்காவிட்டால் வெள்ளையாகவேதான் போகும். அப்போது வேறு ஈரல்தான் வைக்க வேண்டும், அது இங்கே ஆகிற காரியம் இல்லை. தகப்பன் தலையை மட்டும் ஆட்டினான். கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

அறுவை முடிந்து பிள்ளை வார்டுக்கு வந்தான். மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை தையல். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை அடித்த அத்தனை பேரும் சேர்ந்துகூட என்னை இப்படிக் கிழிக்கவில்லை.

பிறகு எல்லோருக்கும் ஒரே வேலை, துணியைப் பார்ப்பது. தாய் அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். முதலில் வெள்ளை. பிறகு ஒன்றுமே வரவில்லை. பிறகு சாம்பல் மாதிரி ஒரு நிறம், அதுவும் கீழ் வரிசைதான். டாக்டரம்மா வார்டிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் நர்சுகளிடம் எரிந்து விழுந்தார். தகப்பன் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். நான் அந்தப் படியில் போகாமல் சுற்றிப் போவேன். நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பேச என்ன இருக்கிறது, அவன் முறித்தது என் கை, நான் அறைந்தது அவன் கன்னம், கணக்கு நேராகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அவனைப் பார்த்துப் பயம் எல்லாம் போய்விட்டது என்றும் மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் காலையில், நடைபாதைக் கடைசியில் உள்ள என் சிறிய அறையில், இடது கையால் கணினியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தேன். வெறுங்காலோடு யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவன்தான். கைலியை மடித்துக் கட்டியிருந்தான், கண் பிதுங்கியிருந்தது, எதையோ பிடித்தபடி ஒரு கையை உயரத் தூக்கியிருந்தான். நேராக என்னைப் பார்த்து ஓடிவந்தான்.

அடுத்து எனக்கு நினைவு வரும்போது நான் மேசைக்கு அடியில் இருந்தேன். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேல் வைத்துச் சுருண்டு கிடந்தேன். அந்தத் தெருவின் புழுதி நாற்றம் மூக்கில் ஏறியது. அடிக்காதே, அடிக்காதே என்று யாரோ முனகுவது கேட்டது. அது என் குரல்தான்.

காலடிச் சத்தம் வாசலிலேயே நின்றுவிட்டது. அவன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு அவன் குந்தினான். கையில் இருந்ததைத் தரையில் விரித்து, விரல் நுனியால் என் பக்கமாகப் பையத் தள்ளிவிட்டான். பின்னாலேயே நகர்ந்து போய் எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தான். நான் பார்க்கும்படியாக, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

"நான் பக்கத்துல வரல அண்ணாச்சி. அங்கன இருந்தே பாருங்க."

பிள்ளையின் துணி. ஓரத்தில் கொஞ்சம் பச்சை, நடுவில் அரைத்த கடுகின் மஞ்சள். அட்டை தேவைப்படவில்லை, ஆனாலும் பையிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தேன். அட்டை இரண்டு தரம் கீழே விழுந்தது. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேல் வரிசை என்றேன். மேசைக்கு அடியிலிருந்தேதான் சொன்னேன்.